சபைக்கு நான் சொன்ன நேரம்

இதை எழுதுவதற்காக மூன்று நோட்டு வாங்கினேன். முதல் நோட்டில் வழக்கம்போல ஸ்ரீராமஜெயம் என்று தலையில் போட்டேன். அடுத்த வரி வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் இரண்டாவது வரியிலும் ஸ்ரீராமஜெயம் எழுதினேன். அப்படியே அந்த நோட்டு முடிந்தது. ஒரு வருஷம் கழித்து வாங்கிய இரண்டாவது நோட்டில் பதினோரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் அதில் நான் ரொம்ப நல்லவனாக இருந்தேன். கிழித்து அடுப்பில் வைத்தேன். இது மூன்றாவது. வேலையில் இருந்தவரை பயம். ஓய்வு பெற்றதும் பயம் போனது, வெட்கம் வந்து உட்கார்ந்துகொண்டது. இத்தனை வருஷம் அப்படித்தான் போயிற்று.

நான் பத்தாவது வரை படித்தவன். அதிலும் கணக்கில் தவறியவன். கிராம உதவியாளராக வேலை பார்த்தேன். தலையாரி என்றுதான் ஊரில் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர் செஞ்சியிலிருந்து சைக்கிளில் போகிற தூரம், பெயர் வேண்டாம். எனக்கு வீடு காலனியில். பெருமாளைக் கும்பிடுகிற குடும்பம். புரட்டாசி சனிக்கிழமைகளில் நாமம் போட்டுக்கொண்டு சிங்கவரம் மலைக்குப் போவோம். மார்கழியில் எங்கள் பஜனைக் கோயிலில் விடியற்காலையில் நான் தாளம் போடுவேன், என் மனைவி கோலம் போட்டுவிட்டு வந்து கடைசியில் நிற்பாள். அவளுக்குப் பாட வராது. வாயை மட்டும் அசைப்பாள்.

ஒரு கார்த்திகை மாதம் மூன்று நாள் விடாமல் மழை. இரண்டாம் நாளே காலனியில் பாதிப் பேரை லாரியில் ஏற்றி செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு அனுப்பிவிட்டோம். என் மனைவி போகவில்லை. எனக்கு டூட்டி, எந்த நேரம் வந்தாலும் சோறு வேண்டும் என்று வீட்டிலேயே இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் ஏரி நிரம்பி வழிந்து கோடி போனது. பத்து மணி இருக்கும்போது கரை உடைந்தது. நான் அப்போது மெயின் ரோட்டு முனையில் நின்றுகொண்டிருந்தேன். ஊருக்குள் போகிற பாதை கண்ணெதிரிலேயே மறைந்தது.

கிராம நிர்வாக அலுவலருக்கு அன்று இரண்டு ஊர் பொறுப்பு. அவர் அனந்தபுரம் பக்கம் தண்ணீருக்கு அந்தப் புறம் மாட்டிக்கொண்டார். போனில் சொன்னார்: "மிலிட்டரிய கேட்டுகீறாங்க. வந்துகினே இருக்காங்க. நீ லிஸ்ட்ட வச்சிகினு அவங்க கூட படகுல ஏறிடு. நீ சொன்னாதான் அவங்களுக்கு வீடு தெரியும்."

லிஸ்ட் என்னிடம் இருந்தது. பாலிதீன் கவரில் சுற்றி சட்டைக்குள் வைத்திருந்தேன். அது ரேஷன் கார்டு பார்த்து நானே கையால் எழுதியது. எங்கள் ஊரில் எந்த லிஸ்ட் போட்டாலும் ஒரே வரிசைதான். மேலத்தெரு, கோயில் தெரு, குளத்துத்தெரு, புதுத்தெரு, கடைசியில் காலனி. ஓட்டு, வேட்டி சேலை, கொசு மருந்து, எதுவானாலும் அப்படித்தான் எழுதுவோம். எனக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார். அது சரியா தப்பா என்று நான் யோசித்ததே கிடையாது. பேனா எடுத்தால் மேலத்தெருவில்தான் கை ஆரம்பிக்கும்.

ராணுவ லாரி பன்னிரண்டு மணிக்கு முன்பே வந்துவிட்டது. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். அவர்கள் தாமதமாக வரவில்லை. ரப்பர் படகை இறக்கிக் காற்று அடித்து மோட்டாரை மாட்டியது எல்லாம் நான் வெற்றிலை போட்டு முடிக்கிற நேரத்துக்குள். துப்பாக்கி எதுவும் கையில் இல்லை. தலைவர் வடக்கத்திக்காரர், ஹவில்தார் என்றார்கள். அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. கூட வந்தவர்களில் ஒருவர் மதுரைப் பக்கத்துச் சிப்பாய். அவர்தான் எனக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டார்.

"அண்ணே, ஊருக்குள்ள நீங்கதான் எங்களுக்கு ஆபீசர். நீங்க கை காட்டுனாத்தான் படகு திரும்பும். எங்க ஆர்டர் அப்படி."

"நான் தலையாரிப்பா. ஆபீசர் இல்ல."

"கவர்மெண்டு ஆளுதானே? போதும்ணே."

இன்று நினைத்தால் அந்தப் பேச்சுதான் எல்லாம். ராணுவம் எல்லையில் நிற்பது அதன் சொந்த ஆர்டர்படி. ஊருக்குள் வந்தால் ஊர் நிர்வாகம் சொல்கிறபடிதான் நடக்க வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம்தான். ஆனால் அன்று அந்தப் படகில் நிர்வாகம் என்று இருந்தது நான் ஒருத்தன்.

ஹவில்தார் படகில் எழுந்து நின்று ஊரை ஒரு சுற்று பார்த்தார். ரோட்டிலிருந்து பார்த்தால் மேடும் பள்ளமும் நன்றாகத் தெரியும். மேலத்தெரு வீடுகளுக்கு இடுப்பளவுதான் தண்ணீர். பாதி வீடு மாடி வீடு. காலனிப் பக்கம் கூரைகள் மட்டும்தான் தெரிந்தன. அவர் காலனியைக் கை காட்டி ஏதோ கேட்டார். மதுரைத் தம்பி சொன்னார்:

"அது பள்ளமா இருக்கேண்ணே, அங்க முதல்ல போவமான்னு கேக்குறாரு."

நான் சொன்னேன்: "வேணாம் தம்பி. வரிசைப்படி போலாம்."

இதுதான் நான் செய்தது.

ஏன் சொன்னேன் என்று கேட்டால் இரண்டு காரணம் இருக்கிறது, இரண்டுமே உண்மை. ஒன்று, லிஸ்ட் அப்படி இருந்தது. இன்னொன்று, காலனியில் என் வீடு இருந்தது. மிலிட்டரிப் படகை முதலில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனான் தலையாரி என்று ஊர் பேசும். காலனி ஆள் கையில் அதிகாரம் கிடைத்தால் இப்படித்தான் என்பார்கள். முப்பது வருஷ வேலையில் அந்தப் பேச்சு வராமல் பார்த்துக்கொண்டவன் நான். ஹவில்தார் என் முகத்தைப் பார்த்தார். மறுபடி காலனியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து மோட்டாரை மேலத்தெருவுக்குத் திருப்பச் சொன்னார். அவருக்கு ஆர்டர் அப்படி.

மேலத்தெரு முதல் வீட்டில் பெரிய விவசாயி ஒருவர் மாடி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னா தலையாரி, போட் சவாரியா? நம்மள பாக்க மிலிட்டரியே வந்துட்டாங்களா. இரு இரு, வீட்டுல காபி கலக்குறாங்க. தம்பிங்களுக்கும் சேத்து குடுக்கச் சொல்றேன்."

மதுரைத் தம்பி கீழிருந்தே சொன்னார்: "ஐயா, இது டவுன் பஸ் இல்ல, அடுத்த ட்ரிப்புக்குக் காத்திருக்க. இப்ப ஏறுனா ஏறுங்க."

"சரிப்பா, கோவிச்சிக்காத. பெட்டிய எடுத்துகினு வரேன்."

பெட்டி வந்தது. பிறகு இன்னொரு பெட்டி. ஏறினவர்களிடம் நான் கையெழுத்து வாங்கினேன். நிவாரணம் எது கொடுத்தாலும் பெயருக்கு நேராகக் கையெழுத்து வாங்குவது எங்கள் வேலையில் முதல் பாடம். நனைந்த தாளில் பேனா எழுதவில்லை. ஸ்டாம்ப் பேட் இருந்தது. கட்டை விரல் ரேகை வாங்கினேன்.

"கையெழுத்து வாங்கிட்டுத்தான் காப்பாத்தணுமாண்ணே?" என்றார் அந்தத் தம்பி. சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நானும் சிரித்தேன்.

"பின்னாடி யாராச்சும் வந்து என்னை ஏத்தலன்னு சொன்னா யாரு பதில் சொல்றது தம்பி?"

என் மனைவி முதல் தடவை போன் செய்தபோது நாங்கள் கோயில் தெருவில் இருந்தோம்.

"இன்னாய்யா, மிலிட்டரி வந்துட்டாங்களாமே. நீ அவங்க கூடவா கீற?"

"ஆமா. நீ எங்க கீற?"

"நம்ம வூட்டு மேலதான். பக்கத்து வூட்டு ஆயாங்க ரெண்டு பேரும் கீறாங்க. தண்ணி ஜன்னலுக்கு மேல ஏறிகிச்சு."

"மேலயே இரு. வரிசையா வந்துகினு இருக்கோம்."

"நம்ம தெரு எப்போ?"

"கடைசி. லிஸ்ட்ல எப்பவும் கடைசிதானே."

"சரி. நீ சாப்டியா?" என்றாள்.

நான் பதில் சொல்வதற்குள் யாரோ படகில் ஏற, நான் ஸ்டாம்ப் பேடைத் திறந்தேன். போன் கட்டாகிவிட்டது.

குளத்துத்தெருவில் ஒரு மோட்டார் கோளாறு, கொஞ்சநேரம் போனது. புதுத்தெருவில் ஒரு வீட்டில் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, அவர்கள் முன்தினமே போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. லிஸ்டில் பெயர் இருந்ததால் தட்டினேன். அங்கே இருக்கும்போது அவள் இரண்டாவது தடவை கூப்பிட்டாள். மணி இரண்டேகால். எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த எண்ணும் நேரமும் அந்தப் பழைய போனில் இன்னும் இருக்கிறது.

"சுவுரு ஒரு மாதிரி சத்தம் போடுதுய்யா."

"பயப்படாத. அடுத்தது நீங்கதான்."

"பயம் இல்ல. ஆயாதான் அழுவுது. நான் கோவிந்தா சொல்லச் சொல்லிகினு கீறேன்."

"சொல்லிகினே இரு. தோ வந்துட்டோம்."

அதுதான் கடைசி.

நாங்கள் காலனிக்குப் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணிக்கு மேல். எங்கள் தொகுப்பு வீட்டில் வாய்க்கால் பக்கத்துச் சுவர் இல்லை. மேல்தளம் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. ஆயாக்கள் இரண்டு பேரும் பக்கத்து வீட்டு மேல்தளத்தில் இருந்தார்கள். சரிந்தபோது அந்தப் பக்கம் நின்றிருந்ததால் அங்கே இருந்த ஆட்கள் அவர்களைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். இவள் வாய்க்கால் பக்கம் நின்றிருந்தாள். ஒரு ஆயா என்னைப் பார்த்ததும், "இப்போதான் போனா ராசா, இப்போதான்" என்றது. ஹவில்தார் லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு அப்படியே குதித்தார். இருட்டுகிறவரை அவரும் மதுரைத் தம்பியும் தேடினார்கள். மறுநாள், நிலக்கடலை போட்டிருந்த ஒரு மல்லாட்டைக் கொல்லையில், வேலியில் சிக்கிக் கிடைத்தாள்.

படகு வந்த நான்காம் நாள் ராணுவம் திரும்பிப் போனது. போகும்போது ஹவில்தார் என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் பாஷையில் எது சொன்னாலும் எனக்குப் புரியாது. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

இறந்தவர்களைப் பற்றி வாக்குமூலம் எழுத ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்தார். வயதில் சின்னவர், மூன்று நாளாகத் தூங்காதவர். "எப்போ நடந்துச்சுண்ணே? கரை உடைஞ்சப்பவா?" என்று கேட்டுக்கொண்டே எழுதினார். கரை உடைந்தது காலை பத்து மணி. நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. அவர் எழுதி நீட்டினார், நான் கையெழுத்துப் போட்டேன். அவ்வளவுதான். படகு வந்த பிறகு என்று எழுதினால் படகு எங்கே போனது என்று கேட்பார்கள். அது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

சில மாதம் கழித்து டெல்லியில் பார்லிமெண்டு கூடியபோது ஒரு எம்.பி. கேள்வி போட்டார். வெள்ளத்துக்கு ராணுவத்தை யார் கூப்பிட்டது, எத்தனை மணி நேரத்தில் வந்தது, வந்த பிறகு உயிர்ச்சேதம் உண்டா என்று. அமைச்சகம் எழுத்தில் பதில் வைத்தது. சென்னையில் இருக்கிற என் மகள் அதைப் போனில் கண்டுபிடித்து எனக்குப் படித்துக் காட்டினாள். எங்கள் வட்டாரத்தில் படை வந்து சேர்ந்த பிறகு ஓர் உயிர்கூடப் போகவில்லை என்று அதில் இருந்தது.

"பாத்தியா நைனா. அம்மா படகு வர்றதுக்கு முன்னாடியே போயிட்டா. உன் மேல தப்பு இன்னா கீது? சும்மா உன்னையே தின்னுகினு இருக்காத."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அவள் அழுகை நின்றது அன்றுதான். அதைப் பார்த்துவிட்டு நான் எப்படி வாயைத் திறப்பேன்? என் கையெழுத்து நாட்டின் சபை வரை போய், அங்கிருந்து என் மகள் வாய் வழியாக எனக்கே திரும்பி வந்திருந்தது.

அதன்பின் காலனி வீட்டில் இருக்க முடியவில்லை. செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டுப் பக்கம் ஒரு அறை வாடகைக்கு எடுத்தேன். கதவைத் திறந்தால் ராஜகிரிக் கோட்டை மலை தெரியும். ஒரு ஆளுக்குச் சோறு வடிப்பது கஷ்டம், எப்போதும் மிஞ்சும். ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் சாப்பிடுவேன். மார்கழியில் ஊரிலிருந்து கூப்பிட்டார்கள். "நீ இல்லாம தாளம் சேரலப்பா" என்றார்கள். இரண்டு நாள் போனேன். மூன்றாம் நாளிலிருந்து போகவில்லை. கடைசியில் நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்த வருஷம் பார்லிமெண்டிலிருந்து ஒரு குழு வந்தது. இயற்கைச் சேதத்துக்கு ராணுவத்தை ஊருக்குள் கூப்பிடுகிற முறை சரியாக நடக்கிறதா என்று பார்க்கிற எம்.பி.க்கள். செஞ்சியில் ஒரு கூடத்தில் மேஜை போட்டு உட்கார்ந்தார்கள். என்னைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். படகில் வழிகாட்டியவன், மனைவியைப் பறிகொடுத்தவன். என்னைவிட நல்ல சாட்சி கிடைக்காது. வெளியில் காத்திருக்கும்போது ஒரு அதிகாரி என் தோளில் கை வைத்தார். அவர் கெட்டவர் இல்லை.

"ராணுவத்துக்கு நன்றி சொல்லுங்க. உள்ளது உள்ளபடி சொல்லுங்க. ரொம்ப நீட்டாதீங்க. அழுகை வந்தா அழுங்க, தப்பில்ல."

உள்ளது உள்ளபடி என்று அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. என்னை யாரும் பொய் சொல்லச் சொல்லவில்லை.

கேள்வி கேட்டவர்களில் ஒரு அம்மா. வேறு மாநிலம், மலைப் பக்கம். நரைத்த தலை, காட்டன் புடவை. ராணுவத்தார் யார் வீட்டுக்குள்ளாவது கேட்காமல் நுழைந்தார்களா, ஆயுதம் வைத்திருந்தார்களா, வேலை முடிந்த அன்றே போனார்களா என்று கேட்டார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். உயிரைக் காப்பாற்ற வந்தவர்களைப் போய் இப்படிக் கேட்கிறாரே என்று. அந்த அம்மா சிரித்தவரைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னார். தமிழில் மாற்றிச் சொல்கிற அதிகாரி அதையும் சொன்னார். எங்கள் பக்கத்தில் ஒரு வாரம் என்று வந்த படை வருஷக்கணக்கில் இருந்தது, நல்லதுக்கு வந்தாலும் யார் கூப்பிட்டார்கள், யார் சொன்னபடி நடந்தார்கள் என்று யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும், அதற்குத்தான் எங்களை அனுப்பியிருக்கிறார்கள் என்று. தலையாரியாக எத்தனையோ விசாரணை பார்த்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கீழே உள்ளவனைத்தான் கேட்பார்கள். மேலே உள்ளவனையும், சீருடை போட்டவனையும் கேட்கிற ஒரு இடம் இருக்கிறது என்று அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"படகு எங்கே போக வேண்டும் என்று யார் சொன்னது?"

"நான்தாங்க."

"ராணுவத்தார் வேறு வழி ஏதாவது சொன்னார்களா? நீங்கள் சொன்னதை மீறினார்களா?"

இரண்டு கேள்வி அது. இரண்டாவதுக்கு இல்லை என்பதுதான் உண்மை. முதலாவதுக்கு ஆமாம் என்பது உண்மை. ஹவில்தார் எழுந்து நின்று கை காட்டியது என் கண்முன் நின்றது.

"இல்லீங்க" என்றேன். இரண்டுக்கும் சேர்த்து.

"உங்கள் மனைவி எப்போது…" என்று ஆரம்பித்து அந்த அம்மா நிறுத்தினார். கேட்கவேண்டாம் என்று நினைத்திருப்பார். நான் அங்கேயே விட்டிருக்கலாம். அவர் முடிப்பதற்கு முன் நானாகவே சொன்னேன்:

"காலையிலங்க. படகு வர்றதுக்கு முன்னாடி."

அவர் குறித்துக்கொண்டார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கை கூப்பினார். நானும் கூப்பினேன். வெளியில் வந்தபோது சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தார்கள். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். நல்ல பசி. சாப்பிடவில்லை என்று எழுதலாம்தான், ஆனால் சாப்பிட்டேன்.

குழுவின் அறிக்கை வந்தபோது நான் ஓய்வு பெற்றிருந்தேன். தாலுகாவில் கம்ப்யூட்டர் வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் கேட்டுத் தமிழில் சொல்லச் சொன்னேன். பல ஊர்களில் விசாரித்ததில், படை உள்ளூர் ஊழியர் காட்டுகிற வழியில் மட்டும் போவது நன்றாக நடக்கிறது, மாற்ற வேண்டியது இல்லை என்று இருந்தது. அந்தப் பல ஊர்களில் எங்கள் ஊரும் ஒன்று.

அன்று சிங்கவரம் மலை ஏறினேன். சனிக்கிழமை இல்லை, கூட்டமும் இல்லை. பெருமாள் சயனத்தில் இருந்தார். பட்டர் தீபாராதனை காட்டினார். கண்ணை மூடினால் எல்லா ஊர் லிஸ்டும் தெரிந்தது. எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு தெரு. எல்லாப் படகிலும் என்னைப் போல ஒருத்தன், கை காட்டுகிறவன். அடுத்த வெள்ளத்தில் ஒரு ஹவில்தார் எழுந்து நின்று பள்ளத்தைப் பார்த்துக் கேட்பார். வேணாம், வரிசைப்படி போலாம் என்று ஒருத்தன் சொல்வான். அதைத் தடுக்க ஒரு வரி எழுத வந்தவர்களிடம்தான் நான் இல்லீங்க என்றேன். என் வீட்டுக்குள் நடந்த பாவம் என்று இதுவரை நினைத்திருந்தேன். அது வீட்டை விட்டுப் போய்விட்டது என்று அன்றுதான் உறைத்தது.

வீட்டுக்கு வந்து குழுவுக்குக் கடிதம் எழுதினேன். ஒரே பக்கம். நான் சொன்ன நேரம் பொய், ஹவில்தார் சரியாகச் சொன்னார், நான்தான் மறுத்தேன், தெரு வரிசையில் லிஸ்ட் போடக்கூடாது, பள்ளத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று. ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். ஏழெட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தச் சபையின் காலம் முடிந்துவிட்டது, அந்தக் குழு இப்போது இல்லை, கடிதம் உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று. உரிய இடம் எது என்று, என் வேலைக்கு வந்திருக்கிற தம்பி போன் செய்தபோது தெரிந்தது.

"அண்ணே, டெல்லிக்கு நீங்க போட்ட லெட்டர் சுத்தி சுத்தி நம்ம ஆபீசுக்கே வந்துகீது. இன்னாண்ணே பண்றது?"

"படிச்சியா?"

"படிச்சேண்ணே. உங்க மேலயே நீங்க கம்ப்ளெயிண்ட் குடுத்தா மாரி கீது. ஃபைல்ல போட்டுடட்டுமா?"

"போட்டுடு. ஆனா நீ லிஸ்ட் எழுதறப்போ காலனில ஆரம்பி."

"ஊர்ல கேப்பாங்களேண்ணே."

"கேக்கட்டும். நான் சொன்னேன்னு சொல்லு."

அவன் எழுதினானா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

இந்த மூன்றாவது நோட்டை முடிக்கும் முன் மகளிடம் போனில் இதை முழுக்கப் படித்துக் காட்டினேன். யார் யாரோ படிப்பதற்கு முன் அவளுக்குத் தெரிய வேண்டும். நடுவில், லைனில் இருக்கிறாளா என்று இரண்டு தடவை கேட்டேன். "படி நைனா" என்றாள். முடித்த பிறகு, "அம்மா ரெண்டு வாட்டி போன் பண்ணாளா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். வைத்துவிட்டாள்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் பேசுவாள். இப்போதும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறாள். மாத்திரை போட்டியா, மழை உண்டா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். நான் மறுபடி கூப்பிடுவதில்லை. இது எனக்கு வந்துசேர வேண்டியதுதான். பெருமாளிடம் நான் இப்போது எதுவும் கேட்பதில்லை. விளக்கேற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சபையின் ஏட்டில் உள்ளதை இனி என்னால் திருத்த முடியாது. அதனால் இதை உங்களிடம் கொடுக்கிறேன். உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள். லிஸ்ட் எழுதுகிறவர்கள், படகில் ஏறுகிறவர்கள், ஓட்டு வாங்கிப் போய் அங்கே உட்கார்ந்து கேள்வி கேட்கிறவர்கள், யாரிடம் முடியுமோ அவர்களிடம். சொல்லும்போது எதையும் மாற்றாதீர்கள். பரிதாபப்பட்டு என்னை நல்லவனாக்க வேண்டாம். கோபப்பட்டு அந்தச் சிப்பாய்கள் மேல் பழி போட வேண்டாம். படகு பன்னிரண்டு மணிக்கு முன் வந்தது. அவர்கள் பள்ளத்துக்குப் போகலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று நான் சொன்னேன். இரண்டேகாலுக்கு அவள் உயிரோடு இருந்தாள்.